செடி இல்லாத வயலில் மருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கோயிலுக்குப் பின்னால் மண்டபம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே படம் போடுகிறோம். நான் ஊரில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன். புரொஜக்டர் என் பொறுப்பு, தேநீரும் பிஸ்கட்டும் கோயில் பெண்கள் பொறுப்பு. வழக்கமாகத் தமிழ்ப்படம்தான். போன அக்டோபரில் ஒரு மாறுதலுக்காக ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ போட்டேன். 1959-இல் வந்த உளவுப்படம், 136 நிமிடம். அந்த இரவையும் சேர்த்து, ஜனவரி முடிவதற்குள் அதே படத்துக்காக மூன்று தடவை திரை கட்ட வேண்டி வந்தது. எம்.ஜி.ஆர். படத்துக்கே இங்கே இரண்டாவது தடவை ஆள் சேராது. அதனால்தான் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இந்தப் படம் ஏன் நிற்கிறது என்பதற்கு வழக்கமான பதில்கள் எனக்கும் தெரியும். கதாநாயகன் கேரி கிராண்டின் சாம்பல் நிறக் கோட்டு, பெர்னார்ட் ஹெர்மனின் இசை, சால் பாஸ் வரைந்த தொடக்க எழுத்துகள், எர்னஸ்ட் லேமனின் வசனம். 1995-இல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. 1963-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹெலிகாப்டர் ஒன்று கதாநாயகனைத் துரத்துமே, அதுவும் இங்கிருந்து போனதுதான். எல்லாம் சரி. ஆனால் எங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கும் இதில் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாமலேயே படம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. எதை வைத்துப் பிடித்தது என்பதுதான் என் கேள்வி.

வந்தவர்கள்

முதல் இரவு நாற்பது பேர் இருக்கும். பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரம் சீவியும் செம்பனைக் காட்டில் மருந்து அடித்தும் ஓய்ந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு, ஊர்க் குடியிருப்பான தாமான் வீடுகளுக்கு வந்தவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆங்கிலம் தடையில்லாமல் புரிகிறவர்கள் ஏழெட்டுப் பேர். மலாய் வசனவரியைப் படிக்கக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர், அதுவும் கண்ணாடி எடுத்து வந்திருந்தால்.

திரை இவர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை. முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கதாநாயகன் இடது கையால் வாள் சுற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள். அரசாங்கத் தகவல் இலாகாவின் பெனராங்கான் வண்டி வந்தால் அதுவும் ஒரு படம்தான். உளவுப்படத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சிஐடி படம்’. 1966-இல் ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவ’னை இன்னும் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சிஐடி படம் என்றால் தொப்பி வேண்டும், டார்ச் லைட் வேண்டும், இருட்டு வேண்டும், கடைசியில் பொத்தானை அமுக்கினால் சுவர் திறக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்கள்.

மழை

எட்டு மணிக்குப் படம் தொடங்கியது. கால் மணி நேரம் ஆகியிருக்காது, பேராக் மழை வந்துவிட்டது. தகரக் கூரையில் அக்டோபர் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஸ்பீக்கரை முழுசாக ஏற்றியும் பயனில்லை. போதாக்குறைக்கு வசனவரி பத்து விநாடி பிந்தி ஓடியது. ஒருவன் பேசியதற்கான எழுத்து அடுத்தவன் பேசும்போது வந்தது. முன்கூட்டி ஓட்டிப் பார்க்காதது என் தப்பு.

இந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வர முடியாது. முதல் ஒரு மணி நேரமும் பேச்சுதான். ரோஜர் தார்ன்ஹில் நியூயார்க்கில் விளம்பரத் தொழிலில் இருப்பவன். ஹோட்டலில் ஆட்களோடு உட்கார்ந்திருக்கும்போது அம்மாவுக்குத் தந்தி கொடுக்கும் ஞாபகம் வந்து ஹோட்டல் பையனைக் கைதூக்கிக் கூப்பிடுகிறான். அந்தப் பையன் அந்த நேரம் பார்த்து ‘ஜார்ஜ் காப்லான்’ என்று கூவிக்கொண்டு வருகிறான். ஓரத்தில் நிற்கிற இரண்டு பேர் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்: கைதூக்கியவன்தான் காப்லான். அங்கிருந்து கடத்துகிறார்கள், வாயில் சாராயத்தை ஊற்றி மலைச் சடக்கில் (ரோட்டில்) காரோடு அனுப்புகிறார்கள். அப்புறம் ஐக்கிய நாடுகள் கட்டடத்தில் ஒரு கொலை. கத்தியைக் கையில் பிடித்தபடி நிற்கும் இவனைப் போட்டோ எடுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் உளவாளிகள் என்று ஓட்டம்.

மழையில் இது எதுவும் போய்ச் சேரவில்லை. பத்துப் பேர் தேநீர்ப் பக்கம் எழுந்து போனார்கள். பையன்கள் கைப்பேசியை எடுத்தார்கள். ரயிலில் கேரி கிராண்டும் கதாநாயகி ஈவா மேரி செயிண்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுகிற நீளமான காட்சி வந்தபோது, பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்கள். நிறுத்திவிடலாம் என்றே எழுந்தேன்.

அப்போது பேருந்து வந்து நின்றது. திரையில்.

திடல் போல ஒரு வெளி

ஆள் இல்லாத நேர்ச்சடக்கு. இரண்டு பக்கமும் காய்ந்த வெறுநிலம். தார்ன்ஹில் கோட்டும் டையுமாக இறங்குகிறான். பேருந்து போய்விடுகிறது. காப்லானைச் சந்திக்கலாம் என்று சொல்லி இவனை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கார் போகிறது. இன்னொரு கார். ஒரு லாரி புழுதி கிளப்பிவிட்டுப் போகிறது. கால்சட்டைப் பைக்குள் கையை விடுகிறான், எடுக்கிறான். எதிர்ப்பக்கம் ஒருவர் வந்து நிற்கிறார். இருவரும் சடக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இசை இல்லை. பேச்சும் அநேகமாக இல்லை. நாலைந்து நிமிடம் இதுதான் நடக்கிறது, அதாவது எதுவும் நடக்கவில்லை.

மழைச் சத்தம் இங்கே எதையும் கெடுக்க முடியவில்லை, கெடுக்க அங்கே பேச்சே இல்லையே. தேநீர் குடிக்கப் போனவர்களில் ஒருவர் கோப்பையோடு நின்றபடியே பார்க்கத் தொடங்கினார். தூரத்தில் சின்னதாக ஒரு விமானம் தாழப் பறந்து புகைபோலப் பொடி விட்டுப் போகிறது. சாதாரணமாகப் பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. நானே முதல் தடவை கவனிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் மருந்து அடித்தவர். முன்னால் குனிந்து பக்கத்து நாற்காலிக்காரம்மாவிடம் சொன்னார், மழையையும் மீறிக் கேட்டது:

“அங்க என்னடி இருக்கு? செடியே இல்லாத எடத்துல எவன் மருந்து அடிக்கிறான்?”

அடுத்த நிமிடம், எதிர்ப்பக்கம் நின்ற மனிதர் படத்தில் இதே விஷயத்தைத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு வந்த பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். அதன் பிறகுதான் விமானம் திரும்புகிறது. அந்த அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. வசனவரி வருவதற்குப் பத்து விநாடி இருந்தது. படத்தின் முடிச்சை அவர் வசனத்துக்கு முன்னாலேயே அவிழ்த்துவிட்டார்.

விமானம் தலைக்கு மேல் பாய்ந்து அவன் மண்ணில் குப்புற விழுந்தபோது மண்டபமே “ஐயோ” என்றது. பையன்களும்தான். ஒருத்தன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன். விமானம் எண்ணெய் லாரியில் மோதி வெடிக்கிற நேரத்தில்தான் இசை வருகிறது. அதுவரை எஞ்சின் இரைச்சல், ஓடுகிற காலடி, மூச்சு, அவ்வளவுதான். எங்கள் மண்டபத்தில் கூடுதலாக மழையும் இருந்தது.

இந்தக் காட்சியை எப்படி யோசித்தார் என்று ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். ஒருவனைக் கொல்ல வரவழைக்கிறார்கள் என்றால் வழக்கம் என்ன? இரவு, தெருமுனை, விளக்குக் கம்பம், மழையில் நனைந்த கல், ஓடுகிற கறுப்புப் பூனை. அதையெல்லாம் தலைகீழாக்கினால் என்ன வரும்? பட்டப்பகல், வெட்டவெளி, ஒளிய ஒரு மரம்கூட இல்லை. கதைப்படி அது இந்தியானா மாநிலம். எடுத்தது கலிஃபோர்னியாவில், வாஸ்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில்.

இந்தத் தலைகீழ் வேலையைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. ஆபத்து பட்டப்பகலில் வரும் என்பது நகரத்து ரசிகருக்குத்தான் புதுச் செய்தி. காலை ஐந்தரைக்குப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வெயில் ஏறும்வரை வேலை செய்தவர்களுக்கு ஆபத்து எப்போதும் பகலில்தான் வந்திருக்கிறது. பாம்பு, மேலிருந்து விழும் மட்டை, குலை, மருந்து எல்லாமே வேலை நேரத்து விஷயங்கள். இருட்டில் வீட்டில் படுத்திருப்பார்கள். சிஐடி படத்து இருட்டு அவர்களுக்கு வெறும் வேடிக்கை. இந்தக் காட்சியில்தான் முதல் தடவையாக அவர்களுக்குத் தெரிந்த வெளிச்சத்தில் ஒருவனைக் கொல்லப் பார்த்தார்கள்.

மூன்றரை மணி

மழை விட்ட பிறகு நாற்காலி அடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன், எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை.

“நெழலப் பாரு தம்பி. மத்தியானம் தாண்டிப் போச்சு. காத்து வேற அடிக்குது. அந்நேரத்துல எவனாவது பொடி தூவுவானா? எல்லாம் பறந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடும்.”

வீட்டுக்கு வந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். படத்தில் அவனுக்குச் சொல்லப்பட்ட நேரம் பிற்பகல் மூன்றரை. பொடியோ மருந்தோ தூவுவதற்குக் காற்று அசையாத அதிகாலைதான் நேரம். பால்மரத்து இலைநோய்க்குக் கந்தகப் பொடி அடித்த காலத்திலும் பனி காயும் முன்னால்தான் அடிப்பார்கள், ஈர இலையில் பொடி ஒட்டும் என்பதால். அந்த விமானம் பொய் என்பதற்கு மூன்றரை மணியே சாட்சி. ஹிட்ச்காக் இதை யோசித்தாரா இல்லையா, அது அவர் பாடு. ஆனால் பார்க்கிறவரின் கைத்தொழில் அறிவுக்கு இடம் கொடுக்கிற மாதிரி அந்தக் காட்சி விரிந்து கிடக்கிறது. வேகமாக வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் அக்காவுக்கு நிழலைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னார். தார்ன்ஹில் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிகிறான். விமானம் மேலே வந்து பொடியைக் கொட்டுகிறது. இவன் இருமிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்துகிறான். எல்லாருக்கும் அது ஒரு பரபரப்பு. அக்கா மட்டும் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“துணி கட்டினா நிக்குமா அது? நானும் துண்டுதான் கட்டினேன்.”

அவர்கள் முதுகில் சுமந்தது 16 லிட்டர் பம்ப். அடித்தது பெரும்பாலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மூக்கில் ரத்தம் வருவதும் விரல் நகம் கறுத்துக் கழன்று விழுவதும் மருந்து அடிக்கிற பெண்களுக்குத் தெரிந்த சங்கதி. மலேசியா 2002-இல் அதற்குத் தடை என்று அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுசாகத் தடை செய்தது. அக்கா ஓய்வு பெற்றது அதற்குச் சில வருடம் முன்னால். பேசிக்கொண்டே வலது கைப் பெருவிரலைக் காட்டினார். நகம் வளர்ந்திருக்கிறது, ஆனால் நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் மடங்கி, பழைய மங்குப் பாத்திரத்தின் விளிம்பு மாதிரி இருக்கிறது.

ஒரு ஹாலிவுட் படத்தின் பெருமையைச் சொல்ல வந்து இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அன்றைக்கு மண்டபத்தில் அந்தக் காட்சி வேலை செய்தது இந்த நகத்தால்தான். கேரி கிராண்டின் கோட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை.

செக்ரோல் ஆள்

நவம்பரில் மறுபடி போட்டேன். மழையில் போனது போகட்டும், முழுக்கதையும் தெரிய வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். இந்தத் தடவை வசனவரியைச் சரி செய்துவிட்டு, கூடவே மைக் பிடித்து நடுநடுவே தமிழில் சொன்னேன். இதிலும் ஒரு தப்பு செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதை புரிந்த இரவில் கூட்டம் பிடித்துக்கொண்டது வேறொன்றை. படத்தில் ஓர் இடத்தில் காட்சி சட்டென்று உளவுத்துறை அலுவலக மேசைக்கு மாறுகிறது. நாலைந்து அதிகாரிகள் பத்திரிகையில் தார்ன்ஹில் படத்தைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் நமக்குத் தெரிகிறது, ஜார்ஜ் காப்லான் என்று ஓர் ஆளே கிடையாது. எதிரிக் கூட்டத்துக்குள் இருக்கும் தங்கள் உண்மையான ஆள்மேல் சந்தேகம் விழக் கூடாது என்று, இல்லாத ஒருவனை உண்டாக்கி, ஊர் ஊராக அவன் பெயரில் அறை எடுத்து, அலமாரியில் துணிமணி மாட்டி நடமாட விட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பெயரில் ஒரு பாவப்பட்டவன் போய் மாட்டிக்கொண்டான். காப்பாற்றலாமா? காப்பாற்றினால் ரகசியம் உடையும். சரி, விட்டுவிடுவோம் என்று முடிவு செய்கிறார்கள்.

முன்வரிசைப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர், தொடையில் தட்டிச் சிரித்தார்.

“இது நம்ம செக்ரோல் ஆளுல்ல!”

பழைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். செக்ரோல் என்பது தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் பேரேடு. அதில் சில பெயர்கள் இருக்கும். பெரட்டில் கூப்பிட்டால் யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். ஆனால் சம்பள நாளில் அந்தப் பெயருக்கும் சம்பளம் போகும். யார் கைக்குப் போகும் என்று கேட்கக் கூடாது. ‘பேர் உண்டு, ஆள் இல்லை’ என்பது லயத்துப் பேச்சு.

அதன்பிறகு அந்த ஹோட்டல் அறைக் காட்சியை அவர்கள் வேறு மாதிரி நினைவுபடுத்திக்கொண்டார்கள். தார்ன்ஹில் காப்லானின் அறைக்குள் போகிறான். வேலைக்காரப் பெண் இவனைக் காப்லான் என்கிறாள். எப்படித் தெரியும் என்றால், இந்த அறையில் இருக்கிறீர்களே, அப்போ நீங்கள்தானே அவர்! அவள் காப்லானைக் கண்ணால் பார்த்ததே இல்லை. போன் அடிக்கிறது, இவன் எடுக்கிறான், எடுத்ததே இன்னொரு சாட்சி ஆகிவிடுகிறது. நான் அவன் இல்லை என்று நிரூபிக்கச் செய்வதெல்லாம் நீதான் அவன் என்பதற்கு ஆதாரமாகிறது.

பெரியவர் அதற்குச் சிரிக்கவில்லை. அவருடைய அடையாள அட்டையில் பெயர் ஓர் எழுத்து தப்பாக ஏறியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் பல வருடம் முன்னால் யாரோ எழுதியது. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை கவுண்டரில் நின்றார் என்பதை அன்றைக்கு இரண்டு கோப்பைத் தேநீர் ஆறும்வரை சொன்னார். “நாந்தான் அவன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். இந்தப் படத்துல நான் அவன் இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். ரெண்டும் ஒண்ணுதான்.”

இங்கே ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை வரை நீடித்தது. பன்னிரண்டு வயது ஆன எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்தக் காலத்தில் வந்ததுதான். லயங்களைச் சுற்றி முள்கம்பி, வேலைக்குப் போகும்போது காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோகிறாயா என்று வாசலில் சோதனை. உளவு என்பது இங்கே கதைப்புத்தக விஷயமாக இருந்ததில்லை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த லாய் தெக்கே பிரிட்டிஷாருக்கும் அப்புறம் ஜப்பானியருக்கும் ஆளாக இருந்து, 1947-இல் கட்சிப் பணத்தோடு மறைந்தவர். இந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்த 1959-இல் எங்கள் பெரியவர் பதின்ம வயதைத் தாண்டாத பையன். விமானக் காட்சியில் அவர் சொன்னது: “நம்ம காலத்துல பிளேன்ல இருந்து காகிதம் போட்டான். மூணு நாலு பாஷையில. அடுப்பு பத்த வைக்க நல்லா இருக்கும்.”

நான் செய்த தப்பு

மைக் பிடித்தேன் என்றேனே. கதாநாயகி ஈவ் யார் என்பதை அவசரப்பட்டு முன்னாலேயே சொல்லிவிட்டேன். ரயிலில் தார்ன்ஹிலை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறாள். பிறகு வில்லனுக்குச் சீட்டு அனுப்புகிறாள். எதிரியின் காதலி என்று தெரிகிறது. கடைசியில் அவள்தான் உளவுத்துறையின் உண்மையான ஆள், இல்லாத காப்லானை உண்டாக்கியதே அவளைக் காப்பாற்றத்தான். இந்த மூன்று திருப்பத்தையும் ஹிட்ச்காக் ஒவ்வொன்றாக, அளந்து அளந்து தருகிறார். நான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பெண்கள் பக்கம் ஒரு சலிப்பு. “சொல்லாம இருந்திருக்கலாமே தம்பி” என்று கோயில் பெரியம்மா நேராகவே கேட்டார்.

ஆனால் காப்லான் என்ற ஆள் இல்லை என்பதைப் படமே நமக்கு முன்னால் சொல்லிவிடுகிறதே, அது ஏன் சலிப்புத் தரவில்லை? அது தெரிந்த பிறகுதான் கூட்டம் தார்ன்ஹிலுக்காகத் தவிக்கிறது. ஹிட்ச்காக் பல இடங்களில் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டுக் கணக்கு இதுதான்: குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பதைப்பு. நமக்கும் தெரியாமல் வெடித்தால் ஒரு நொடித் திடுக். எதைச் சொல்ல வேண்டும், எதை மூட வேண்டும் என்ற கணக்கு தப்பினால் படம் படுத்துவிடும் என்பதை என் மைக்கே எனக்குக் காட்டியது.

பையனின் கேள்வி

ஃபார்ம் ஃபோர் படிக்கிற பையன் ஒருத்தன், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தானே அவன்தான், கேட்டான்: “அங்கிள், ஒரு ஆளைக் கொல்ல பிளேன் எதுக்கு? கார்ல வந்து சுட்டுட்டுப் போயிருக்கலாமே?”

பதில் இல்லை. உண்மையிலேயே இல்லை. இந்தப் படத்தின் கதையை நிறுத்துப் பார்த்தால் பத்து இடத்தில் ஓட்டை. எல்லாரும் துரத்துகிற ரகசியம், ஒரு சிலைக்குள் ஒளித்த மைக்ரோஃபிலிம். அதில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேரி கிராண்ட் வந்து, எனக்குக் கதை தலையும் தெரியவில்லை காலும் தெரியவில்லை என்று புலம்பினாராம். தன் பாத்திரத்தின் வசனத்தையே அவர் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார் என்று ஹிட்ச்காக் பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். தலைப்பே ஒரு கேலிதான், அப்படி ஒரு திசை காந்தமுள்ளில் கிடையாது.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, “கார்ல சுட்டிருந்தா நாம மறந்திருப்போம் லா” என்றான். சரிதான்.

அவன்தான் இன்னொன்றையும் பிடித்தான். கடைசிப் பகுதியில், மலையடிவாரச் சிற்றுண்டிக் கூடத்தில் ஈவ் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள். சுடுவதற்குச் சில விநாடி முன்பே பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பையன் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்கிறான். ஒத்திகையில் சத்தம் கேட்டுப் பழகிவிட்டான் போல. உலகம் முழுக்கத் தெரிந்த பிழை. எங்கள் பையன் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக் குதித்தான், நானும் அதைக் கெடுக்கவில்லை.

எடுபடாதவை

எல்லாமே எடுபட்டது என்று சொன்னால் பொய். ரயில் காதல் காட்சிகள் இங்கே நீளம். கேரி கிராண்டுக்கு அப்போது 55 வயது, அம்மாவாக வருபவர் அவரைவிட ஏழு வயதுதான் மூத்தவர் என்று சொன்னபோது, “நம்ம படத்துலயும் அப்படித்தானே” என்று விட்டுவிட்டார்கள்.

கடைசி மலைத் துரத்தலும் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ரஷ்மோர் மலையில் நான்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் முகம் செதுக்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் 18 மீட்டர். அந்த முகங்கள்மேல் சண்டை போடுவதை அங்கே எடுக்க அனுமதி இல்லாததால் ஸ்டூடியோவில் செட் போட்டார்கள், இன்றைய கண்ணுக்கு அது செட் என்று தெரிகிறது. தவிர, பத்துமலையில் 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்த்தவர்களிடம் 18 மீட்டரைச் சொல்லி மிரட்ட முடியுமா? ஒரு சின்னப் பெண் கேட்டது: “அது எந்த சாமி?” அவள் பாட்டி, “அவங்க ஊரு பிரதமருங்க” என்றார்.

சிக்காகோ ரயில் நிலையம் மட்டும் எதிர்பாராமல் சிரிப்பை வாங்கியது. தார்ன்ஹில் சுமைதூக்கியின் சிவப்புத் தொப்பியும் உடையும் போட்டுக்கொண்டு நழுவுகிறான். போலீஸ் ஓடி ஓடி ஒவ்வொரு சிவப்புத் தொப்பியாகத் திருப்பிப் பார்க்கிறது. அதுவரை அந்தத் தொப்பிகளின் முகத்தை யாரும் பார்த்ததே இல்லை என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது. தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கு எங்கள் முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும் என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மூன்றாவது தடவை

பொங்கல் கழிந்து ஜனவரியில் பெண்கள் வந்து கேட்டார்கள். முழுப்படம் வேண்டாம், அந்த வெளியில் நடப்பதை மட்டும் போடு. ஏழெட்டு நிமிடத்துக்காகத் திரை கட்டினேன். அக்கா தன்னோடு மருந்து அடித்த ஆறேழு பேரைக் கூட்டி வந்திருந்தார். தூரத்தில் விமானம் தெரிந்ததுமே எல்லாரும் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். காற்று எந்தப் பக்கம், பொடி எங்கே போகும், இவன் எந்தப் பக்கம் ஓடினால் பிழைப்பான்.

முடிந்ததும் திரும்பவும் ஆரம்பத்தில் இருந்து போடச் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்து மனிதர் விமானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுகிற இடத்தில் நிறுத்து என்றார் அக்கா. நிறுத்தினேன்.

“இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குல்ல, அங்க செடி இல்லன்னு. சொல்லவும் செஞ்சான். அப்புறம் ஏன் இவனையும் ஏறுப்பான்னு கூப்பிடல?”

பக்கத்தில் இருந்த அம்மா பாக்கை மென்றபடி திரையைப் பார்த்தார். பேருந்தின் கதவு திறந்தபடி நின்றது.

“அவனுக்கு வேலைக்கு நேரமாச்சோ என்னமோ. அடுத்த பஸ் எத்தனை மணிக்கோ.”